அண்ணியோடு கடல் தாண்டிய பெயர்

போனை எடுத்தது அம்மாதான். மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அண்ணி, பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தார். அவருடைய போன் விடாமல் அடிக்கவே அம்மா எடுத்துக் காதில் வைத்தாள். அண்ணியோடு வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி, "ஏழுமலை இருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறாள். ஏழுமலை என் அண்ணன். அவன் இறந்து அப்போது ஒரு வருஷம்கூட நிறையவில்லை. அம்மா போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நம்ம ஏழுமலையக் கேக்குறாங்கடி" என்றாள். இருக்கிறான் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா என்று தெரியாத முகம். அந்த முகம் என்னை விட்டு இன்னும் போகவில்லை.

எங்கள் பக்கத்தில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால் நிற்கும், அவ்வளவுதான். கல்யாணமான பெண்களில் சிலர் அதை மாற்றிக்கொள்வார்கள், சிலர் அப்படியே விட்டுவிடுவார்கள். அண்ணியின் நர்சிங் சான்றிதழ்களெல்லாம் அவருடைய அப்பாவின் இனிஷியலில்தான் இருந்தன. வெளிநாட்டு வேலைக்காகப் பாஸ்போர்ட் எடுக்கப் போனபோதுதான் சிக்கல் வந்தது. மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டரில் இருந்தவர், "சர்நேம காலியா வுட்டா அங்க பிரச்சினை பண்ணுவாங்கம்மா. அப்பா பேரு, இல்ல வூட்டுக்காரர் பேரு, ஒண்ணு சொல்லுங்க" என்றார். அண்ணிக்கு அப்பா பெயரைப் போடத்தான் மனசு. அண்ணன் முந்திக்கொண்டான். உப்பளத்திலிருந்து மூட்டை ஏற்றிப்போகும் லாரி அவன் ஓட்டுவது. "எம்பேரையே போடுங்க சார். நான் எங்க ஏரோப்பிளேன்ல போவப்போறேன்? எம்பேராவது போவட்டும்" என்றான். அண்ணியும் சிரித்துவிட்டார். அவர் அப்பா பெயர் அதோடு நின்றுபோனது.

மஸ்கட் ஆஸ்பத்திரியில் எல்லோரையும் பாஸ்போர்ட்டில் உள்ள கடைசிப் பெயரால்தான் கூப்பிடுவார்களாம். ஆரம்பத்தில் அண்ணிக்கு அது பிடிக்கவே இல்லை. "வார்டு பூரா ஏழுமலை, ஏழுமலைன்னு கூப்புடுறாங்க. நீங்கதான் வந்துட்டீங்களோன்னு திரும்பித் திரும்பிப் பாக்குறேன்" என்று போனில் குறைப்படுவார். அண்ணன் அதைக் கூட்டாளிகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

ஒரு மழைநாள் காலையில், உப்பு ஏற்றிப் போன அவன் லாரி பொம்மையார்பாளையம் தாண்டி நின்றிருந்த வண்டியில் மோதியது. அண்ணி வந்து சேரும்வரை உடலை வைத்திருந்தோம். காரியம் முடிந்த பிறகு கொஞ்ச நாள் இருந்துவிட்டு மறுபடி மஸ்கட் போனார். நாள் முழுக்க அந்தப் பெயரைக் காதில் வாங்கிக்கொண்டு எப்படி வேலை பார்க்க முடிகிறது என்று ஒருமுறை கேட்டேன்.  "அதக் கேக்கத்தானே வேலைக்கே போறேன்" என்றார் அண்ணி.

இங்கே அண்ணனின் பெயர் ஒவ்வொரு இடமாகக் கழன்றுகொண்டிருந்தது. ரேஷன் கார்டில் எடுத்தார்கள். வாக்காளர் பட்டியலில் எடுத்தார்கள். தெருவில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாருமில்லை.

அண்ணிக்கு மறுகல்யாணம் என்ற பேச்சை எடுத்தது என் அம்மாதான். "எனக்காவ நீ இப்புடியே நிக்காத தாயி" என்று சொல்லிச் சொல்லிக் கரைத்தாள். மஸ்கட்டிலேயே எலெக்ட்ரீஷியனாக இருந்த ஒருவர், மனைவியை இழந்தவர், அமைந்தார். இரும்பை ஊர்ச் சிவன் கோயிலில் தாலி கட்டினார்கள். அம்மா முன்னால் நின்று அட்சதை போட்டாள்.

பாஸ்போர்ட்டில் பெயர் மாற்ற அண்ணி நாளைக் கடத்திக்கொண்டே இருந்தார். "உங்க இஷ்டம். மாத்தாட்டியும் எனக்கு ஒண்ணுமில்ல" என்றார் புதுக் கணவர், நிஜமாகவே. ஆனால் ஒரே வீட்டில் குடும்பமாக இருக்க விண்ணப்பித்தபோது, பாஸ்போர்ட்டில் வேறு ஆணின் பெயர் எப்படி என்று அங்கே ஒவ்வொரு தடவையும் கேள்வி வந்தது. கடைசியில் அம்மாவே மாற்றச் சொல்ல, ஊருக்கு வந்தபோது அண்ணனின் இறப்புச் சான்றிதழை இணைத்துப் பெயர் மாற்ற விண்ணப்பித்தார்.

புதுப் பாஸ்போர்ட் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. அம்மா புதுசையும், இனி செல்லாது என்று மூலை வெட்டித் திருப்பித் தந்திருந்த பழையதையும் மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "இதுல எதுடி அவன் பேரு?" என்றாள். பழையதில் விரல் வைத்துக் காட்டினேன்.

"புதுசுல?"

"இல்லம்மா."

அண்ணி அழ ஆரம்பித்தார். "நாந்தானே மாத்தச் சொன்னேன், அழுவாத" என்று அம்மா அவர் முதுகைத் தடவினாள். எல்லாம் அடங்கிய பிறகு, யாரிடம் என்றில்லாமல், "அவன எடுத்துக்கினு போன அன்னிக்குக்கூட எனக்கு இப்புடி இல்ல" என்றாள்.

போன பொங்கலுக்கு இருவரும் வந்திருந்தார்கள். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாள் எட்டிப் பார்த்து, "யாரு இவங்க, ஒறவா?" என்று கேட்டார். "எம் மரு..." என்று தொடங்கிய அம்மா, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணியின் கணவரைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். வேறு என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"மருமவதாங்க" என்றார் அண்ணி.

 அவர் கணவர் குனிந்து டீயைக் குடித்தார். எதிர்வீட்டு அம்மாளுக்குத் தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போன அம்மா வெகுநேரம் வெளியே வரவில்லை. அண்ணிதான் எழுந்து உள்ளே போனார்.