மகனோடு களைக்குப் போனது

என் மகனுக்கு முப்பது வயசு தாண்டிவிட்டது. பேச்சு வராது. வண்டிச் சத்தம் கேட்டால் ரோட்டைப் பார்த்து ஓடுவான். மற்றபடி யாருக்கும் தொந்தரவு இல்லாதவன். அவன் சின்னதிலிருந்தே பூம்பாறை பூண்டுக் காட்டு வரப்பில் உட்கார வைத்துவிட்டுத்தான் களையெடுக்கிறேன். அவன் அப்பாவும் போய்விட்டார். வேறு யாரிடம் விட?

களையெடுக்கிற எங்கள் செட்டில் பூண்டு வரிசையில் ஆளுக்கொரு நிரை. முதலில் முடித்தவள், பிந்தினவளுடைய நிரையை மறுமுனையிலிருந்து எடுத்து வருவாள். மகனை ஓடிப் பிடித்து வருவதால் நான்தான் எப்போதும் பிந்துவேன். பக்கத்து வீட்டுக்காரி எதிரே வருவாள். அவள் பிள்ளை உண்டாகியிருந்தபோது அவள் நிரையை நான் எடுத்தேன். யாரும் யாருக்கும் பிச்சை போடவில்லை.

இந்த வருஷம் ஜீப்பில் ஆள் கூட்டிப் போகப் புதிதாக ஒருத்தி வந்தாள். என் மகன் வயசுதான் இருக்கும். ஒருநாள் வேலை முடிந்து திரும்பும்போது ஜீப்பில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, நாளையிலேருந்து அவனை வீட்டுல வச்சுப் பூட்டிட்டு வாங்க. உங்க நிரையை மத்தவுக எடுக்கிற சோலியும் இனிக் கெடையாது."

"உன் பிள்ளையைப் பூட்டிட்டா வந்த?"

"அது பள்ளிக்கூடம் போகுது."

"என் பிள்ளை காட்டுக்கு வருது. தள்ளி உக்காரு."

மறுநாள் வெள்ளனே ஜீப் வந்ததும் அவனை முதலில் ஏற்றிவிட்டு நானும் ஏறினேன். அவள் எங்களைப் பார்க்காமல் முன்னால் போய் ஏறிக்கொண்டாள்.

அன்றைக்கு யாரும் எதிரே வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி தன் நிரையை முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு மேட்டில் ஏறிப் போனாள். சாயங்காலப் பனி இறங்கிவிட்டது. எல்லாரும் ஜீப்பில். கடைசி ஆள் ஏறாமல் வண்டி கிளம்பாது. ஹாரன் அடித்தார்கள். அவன் ரோட்டுக்கு ஓடினான். களையைப் போட்டுவிட்டுப் போய் இழுத்து வந்தேன். மறுபடி அடித்தார்கள். அடிக்க அடிக்க ஓடினான், ஓட ஓட என் வேலை நின்றது. அதுகூடவா அவர்களுக்குத் தெரியாது?

பக்கத்து வீட்டுக்காரி இறங்கி வந்தாள். "மதினி, மறுமுனையிலேருந்து நான் வாரேன். வெரசா முடிப்போம்."

"நிரையத் தொடாத."

"எம்மேல கோவப்பட்டு என்ன செய்ய? நாளைக்கு எனக்கு வேலை வேணாமா?"

"எனக்கும் வேணும். பூண்டை நான் பாத்துக்கிடுவேன். நீ போயி அவன் கையைப் பிடி."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷம் என் களையை எடுத்தவள், என் பிள்ளையைத் தொட்டதில்லை. செட்டில் ஒருத்தியும் தொட்டதில்லை. உன்னை மாதிரிப் பொறுமை யாருக்கு வரும் என்று வாய் நிறையச் சொல்வார்கள். அந்தப் பொறுமையை வைத்து நான் என்ன செய்ய? வேலை முடிகிறவரை அவனைப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும்.

சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பிடித்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அதற்கப்புறம் ஓடவில்லை.

மிச்ச நிரையை நானே எடுத்தேன், ஒரு புல் விடாமல். ஜீப்பில் அத்தனை பேரும் காத்துக் கிடந்தார்கள். கிடக்கட்டும் என்று நானும் அவசரப்படவில்லை.