மேலகரத்துக்காரர் கேட்ட ஒரு வார்த்தை

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. டாக்டர் படிப்பு முடித்துத் தென்காசியில் வைத்தியம் பார்க்க உட்கார்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அனுபவம் கொஞ்சம்தான், வாய்க்கொழுப்புக்கு மட்டும் குறைவில்லை.

சாரல் தொடங்கிய சமயம். மேலகரத்திலிருந்து நெல் விவசாயி ஒருவரை அவர் மனைவி கூட்டிவந்தாள். ஐந்து மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டனவாம். இப்போது இரண்டுக்கும் பலம் திரும்பியிருந்தது. என் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னேன். அழுத்தினார். அப்பாடி, விரல் நொறுங்கியிருக்கும்!

"பெறவு என்னவே கேடு உமக்கு?"

"அசதி, டாக்டரய்யா. வாய்க்கா வரைக்கும் போயிட்டு வந்தா உடம்பு அப்பிடியே அத்துப் போவுது. தூங்கி எந்திச்சாலும் தீர மாட்டேங்கு."

மனைவி குறுக்கே விழுந்தாள். "நடவு நெருங்குது. இவுக பாய விட்டு எந்திக்க மாட்டேங்காக. அண்ணன் சொகம் கண்டுட்டான்னு தம்பிக்காரன் சிரிக்கான்."

மருந்துக்குக் கொண்டுவந்த பாட்டிலைக் கழுவ அவள் வெளியே போனதும் அவர் என் பக்கம் குனிந்தார். "மருந்து இல்லாட்டிப் போவுது. இது சீக்குதான்னு அவகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. அது போதும் எனக்கு."

நான் சொல்லவில்லை. கை அசைகிறது, கால் நடக்கிறது. நான் படித்த புத்தகத்தில் அசதிக்கென்று ஒரு பக்கம்கூட இல்லை. அப்படியானால் சோம்பல்தான் என்று முடிவுகட்டினேன். அவளைக் கூப்பிட்டு அவர் முன்னாலேயே சொன்னேன்: "ஒண்ணும் இல்லம்மா, படுத்துப் பழகிட்டாரு. பகல்ல பாயச் சுருட்டி வையி. தெனமும் குத்தாலத்துக்கு நடத்திக் கூட்டிட்டுப் போயி அருவியில நிறுத்து. தண்ணி அடிக்கிற அடியில சோம்பல் பறந்துரும்."

எங்கள் பக்கத்தில் இதை யாரும் மறுக்க மாட்டார்கள். மூட்டுவலியானாலும் சித்தம் கலங்கினாலும் எண்ணெயைத் தேய்த்து அருவியில் நிறுத்துகிற ஊர். டாக்டரே சொன்ன பிறகு கேட்க வேண்டுமா?

பத்து நாள் கழித்து நானும் குளிக்கப் போனேன். அருவிக்கரைப் பாறையில் அவர்கள் இருந்தார்கள். ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தவருக்கு மனைவி இலையில் புளிச்சோறு வைத்தாள். ஒரு வாய் போட்டார். மெல்லும்போதே தலை சாய்ந்துவிட்டது. வாயில் சோறு, கையில் சோறு, ஆள் தூங்குகிறார்!

"இந்தாங்க, எந்திங்க! டாக்டரய்யா என்ன சொன்னாவ?" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். குளித்துக்கொண்டிருந்த கும்பல் சிரித்தது. கையை ஊன்றி எழப் பார்த்தார், முடியவில்லை. மறுபடியும் ஊன்றினார். கண் நிறைந்துவிட்டது அவருக்கு.

வாயில் சோற்றை வைத்துக்கொண்டு எந்தச் சோம்பேறியும் தூங்க மாட்டான். எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. விளங்கி என்ன செய்ய? நாலு பேர் முன்னால் "நான் சொன்னது தப்பு" என்று சொல்ல மனம் வரவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெரிய மனுஷன்போல் போனேன். "போதும்மா, அருவி வைத்தியம் முடிஞ்சுது. இனி ஓய்வு வைத்தியம். அசந்தா தூங்கட்டும். வேலைய கொஞ்சங்கொஞ்சமாப் பாக்கட்டும்" என்றேன். அவர் இரண்டு கையையும் எடுத்து என்னைக் கும்பிட்டார். சீ, நானும் ஒரு மனுஷனா! இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அந்த முறை நடவைத் தம்பிதான் பார்த்தான். ஓய்வில் மெல்ல மெல்லத் தேறி அவர் வயலுக்குப் போகத் தொடங்கியதும், அது அருவி அடித்த அடியின் பலன் என்றது ஊர். "டாக்டர் எழுப்பிவிட்ட சோம்பேறி" என்று ஊரில் அவருக்குப் பெயர் நின்றுவிட்டது.

ஆவணியில் அவள் தன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவருக்கும் பக்கவாதம் வந்து தேறியிருந்தது, அசதி மட்டும் தீரவில்லையாம். "எங்க வீட்டு ஆளுக்குச் சோம்பல முறிச்சு விட்டீகள்லா, இவுகளுக்கும் அப்பிடியே செஞ்சு விடுங்கய்யா" என்றாள். புருஷன் அவளுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டுத் தலைநிமிர்ந்து என்னையே பார்த்தார். இது சீக்குதான் என்று இப்போதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பார்.

நான் அண்ணன்காரரின் கையை இழுத்து நாடி பார்க்க ஆரம்பித்தேன்.