அரைப் பல் என்று ஒன்று கிடையாது

தையல்காரிக்குத் தெருவில் ‘அரையங்குலம்’ என்று பெயர். துணியைக் கொடுத்துவிட்டு, "கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லக்கா" என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும். கழுத்திலிருந்து டேப்பை உருவி, "முன்னேயா, பின்னேயா? அத முதல்ல சொல்லு" என்று பிடித்துக்கொள்வாள். ஒரு தலைமையாசிரியரின் கோட்டில் தோள் அரையங்குலம் இறங்கிவிட்டதென்று, அவர் போட்டுக்கொண்டு போனதையே கழற்றி வாங்கி மூன்று முறை பிரித்துத் தைத்தாள். நாலாவது முறை அவளைக் கண்டதும் அவர் எதிர்ச் சந்துக்குள் புகுந்துவிட்டாராம். பெயர் அப்படி வந்ததுதான்.

அவள் புருஷன் பஸ் டிரைவர். பச்சைத் தண்ணீரைக்கூட ஆற்றிக் குடிக்கிற சாது. ஆனால் மோட்டார் சைக்கிள் விஷயத்தில் மட்டும் அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். வண்டி கல்யாணத்துக்கு முன்பு வாங்கியது, ஒற்றை சிலிண்டர். பதினெட்டு வருஷம் அவளைப் பின்னால் உட்கார்த்திக்கொண்டு ஓடியது. போன மாதம் எஞ்சினுக்குள் செயின் கடகடவென்று சத்தம் போட, அவரே பிரித்துப் புதுச் செயின் போட்டு அவரே மூடினார். அதோடு சரி. உதைத்தால் தும்மியது. மறுபடி உதைத்தால் சைலன்சர் வெடித்தது. மூன்றாவது உதைக்குக் கிக்கர் திருப்பி உதைத்து, மனுஷர் அன்றிலிருந்து நொண்டிக்கொண்டிருந்தார்.

"போதும்டா சாமி," என்றார். "பழைய இரும்புக்காரர ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வரச் சொல்லிட்டேன்."

வண்டி போவதைப் பார்க்க மனசு இல்லாமல், அன்றைக்கு லீவாக இருந்தும் வேறொருவர் டூட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு காலையிலேயே கிளம்பிப் போய்விட்டார்.

ஒன்பது மணிக்கு அவர் தங்கை வந்தாள். பேக்கரியில் மாவு பிசைகிறவள், புஜத்தில் நல்ல பலம். குறை ஒன்றே ஒன்று: சிரிப்பு வந்தால் நிற்காது. வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். தையல் அறையில் வெட்டுமேசையை ஒதுக்கிவிட்டு, நடுவே வண்டியை நிறுத்தி, அதன் பக்கத்தில் ஸ்பானர்களைக் கத்தரிக்கோல்கள் மாதிரி வரிசையாக அடுக்கி உட்கார்ந்திருந்தாள் அண்ணி. மடியில் எண்ணெய்க் கறை படிந்த சர்வீஸ் புத்தகம்.

"அண்ணி, அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா விடுவாரா? கதவச் சாத்து."

"உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"ராத்திரி முழுசும் படிச்சேன். பேட்டர்ன் மாதிரிதான்டீ இருக்கு. இங்க ஒரு குறி, அங்க ஒரு குறி. ரெண்டும் சேரணும்."

விஷயமும் அவ்வளவுதான். பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. வால்வுகள் மூச்சு விடுவதுபோலத் திறந்து மூடுகின்றன. அவற்றைத் திறக்கிற தண்டுதான் கேம்ஷாஃப்ட். கீழே சுற்றும் ஃப்ளைவீலையும் மேலே இருக்கும் கேமையும் ஒரு செயின் கட்டிப்போட்டிருக்கிறது. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது கேமின் பல்சக்கரத்தில் உள்ள கோடு எஞ்சின் விளிம்போடு மட்டமாக நிற்க வேண்டும். ஒரு பல் தப்பினாலும் மூச்சு வாங்க வேண்டிய நேரத்தில் எஞ்சின் மூச்சு விடும்.

மேல்மூடியைக் கழற்றினார்கள். தையல்காரி ஃப்ளைவீலை மெல்லத் திருப்பிச் சின்ன ஜன்னல் வழியே குறியைப் பார்த்தாள். ஒரு கோடு வந்து நேராக நின்றது. மேலே பார்த்தால் கேமின் கோடு மட்டமாக இல்லை, லேசாகச் சாய்ந்திருந்தது.

"அட, கொஞ்சம்தானே அண்ணி. அரைப் பல் இருக்குமா?"

சொல்லிவிட்டு நாத்தனாரே வாயைப் பொத்திக்கொண்டாள். யாரிடம் சொல்கிறோம்!

"அரைப் பல்லுன்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது," என்றாள் தையல்காரி. "ஒண்ணு சரியா இருக்கும், இல்ல தப்பா இருக்கும். உங்கண்ணன் இப்படித்தான் ‘பரவால்ல’ன்னு மூடியிருக்காரு."

பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் ஒரு ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ராவை விட்டாள். பிஸ்டன் மேலே வந்தால் ஸ்ட்ராவும் மேலே வரும், இறங்கினால் இறங்கும். நாத்தனார் திருப்ப, இவள் ஸ்ட்ராவைக் கண் கொட்டாமல் பார்த்தாள். அதே கோடு நேராக வந்தது. ஸ்ட்ரா நிற்கவில்லை! இன்னும் ஏறியது. ஒரு துளி ஏறி, அடுத்த கோடு வந்ததும்தான் நின்றது. டார்ச்சை அடித்து எழுத்தைப் படித்தாள். முதல் கோட்டில் ‘எஃப்’. இரண்டாவதில் ‘டி’.

புத்தகத்தைப் புரட்டினாள். ‘எஃப்’ என்றால் பிளக்கில் பொறி விழுகிற இடம். ‘டி’தான் உச்சி.

"தப்பான கோட்டப் பிடிச்சுக்கிட்டு வண்டியத் திட்டியிருக்காரு மனுஷன்!" என்றபடி பல்சக்கரத்தைக் கழற்றி, செயினை நாத்தனார் கையில் கொடுத்தாள்.

நாத்தனாருக்குப் பிடித்துக்கொண்டது சிரிப்பு. "அண்ணன் பஸ்ஸையும் அப்படித்தான் ஓட்டுதா? ஒரு ஸ்டாப்பு முன்னாடியே எல்லாரையும் இறக்கி விட்டுட்டு..." இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில், நாத்தனார் கையில் பிடித்திருந்த செயின் நழுவி, சரசரவென்று எஞ்சினுக்குள் விழுந்தது.

நிற்காத சிரிப்பு நின்றுவிட்டது.

"அண்ணி..."

"அழாத. அந்தக் காந்தத்த எடு."

தரையில் சிந்தும் ஊசிகளைப் பொறுக்க அவள் நூலில் கட்டி வைத்திருந்த காந்தம். அதைக் கிணற்றில் வாளி விடுவதுபோல் உள்ளே இறக்கினாள். இரண்டு தரம் ஒன்றுமில்லை. மூன்றாம் தரம் செயின் தலையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தது. நாத்தனார் அதை ஓடிப்போன குழந்தை திரும்பி வந்ததுபோல் பிடித்து, கம்பியால் கட்டிவைத்தாள். இந்த முறை சிரிக்கும்போது மட்டும் தள்ளிப் போய்ச் சிரிக்க வேண்டும் என்று உத்தரவு.

‘டி’யில் நிறுத்தினார்கள். தையல்காரி தன் சாக்பீஸால் கோட்டை வெள்ளையாக்கினாள். பல்சக்கரத்தைச் செயினில் மாட்டி, கேமில் வைத்து, செயினை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனரை இறுக்கினாள். கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்த்தால், கேம் ஒரு பல் பின்தங்கியிருந்தது! நாத்தனார் தலையில் கை வைத்தாள். தையல்காரி தலை சாய்த்து யோசித்தாள். முன்பக்கச் செயின் தளர்ந்து கிடந்திருக்கிறது. துணியை இழுத்துப் பிடிக்காமல் தைத்தால் சுருக்கம் விழாதா?

மறுபடி கழற்றினாள். முன்பக்கத்தை விண்ணென்று இழுத்துப் பிடித்து, தளர்வையெல்லாம் பின்னால் டென்ஷனர் பக்கம் தள்ளி மாட்டினாள். மெதுவாக இரண்டு சுற்று. எங்கும் முட்டவில்லை. கீழே ‘டி’ நேராக நின்றது. மேலே கோடு, இஸ்திரி போட்ட மடிப்பு மாதிரி, விளிம்போடு மட்டம்.

"அண்ணி," என்றாள் நாத்தனார் கிசுகிசுப்பாக, "அழகா இருக்கு."

மூடியைப் பூட்டி முடிக்க மணி மூன்றே முக்கால். வண்டியைத் தெருவுக்கு உருட்டினார்கள். இரும்புக்காரரும் தள்ளுவண்டியோடு வந்து சேர்ந்தார், கால் மணி நேரம் முந்தியே.

"இதானாம்மா?"

"ஒரு நிமிஷம் இருங்க," என்று தையல்காரி கிக்கரில் ஏறி நின்றாள். முதல் உதைக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதற்கு ஒரு செருமல். மூன்றாவது உதைக்கு, டுப், டுப், டுப், டுப்! சீராக, வயிறு நிறைந்த மனுஷன் குறட்டை விடுவதுபோல்.

நாத்தனார் கத்தினாள். இரும்புக்காரர் என்ன ஏதென்று தெரியாமலேயே கை தட்டினார். தையல்காரிக்குக் காலுக்குக் கீழே தரை இருப்பதாகவே தெரியவில்லை. முன் சீட்டில் அவள் உட்கார்ந்ததே இல்லை. ஆனால் பதினெட்டு வருஷமாக அவர் தோளுக்கு மேல் எட்டி, கையையும் காலையும் பார்த்துக்கொண்டே வந்தவளாயிற்றே! கிளட்சைப் பிடித்தாள், கியரை மிதித்தாள். வண்டி ஒரு குலுங்கு குலுங்கிவிட்டுக் கிளம்பியது.

முதல் சுற்றில் பயம். இரண்டாவது சுற்றில் பயம் போன இடம் தெரியவில்லை. மூன்றாவது சுற்றில் தலைமையாசிரியர் எதிரே வந்தார். வழக்கம்போலச் சந்துக்குள் ஓடப் பார்த்தவர், அவள் கை அசைத்ததும் தன்னையறியாமல் சல்யூட் அடித்துவிட்டார்.

நாலாவது சுற்றில், நினைத்ததைவிடச் சீக்கிரமே டூட்டி முடிந்து பஸ் டிரைவர் தெருமுனையில் திரும்பினார். தன் வண்டி, தன் பெண்டாட்டி. கையிலிருந்த டிபன் பாக்ஸ் கீழே விழுந்தது.

"ஏய்! பிரேக்கு! வலது கால்ல இருக்கு பாரு, பிரேக்கு!" என்று கூடவே ஓடினார். நொண்டல் எங்கே போயிற்றோ!

"பிரேக் எங்க இருக்குன்னு தெரியுங்க!" என்று கத்தினாள். "நிறுத்தத்தான் மனசு வரல!"

கடைசியில் அவருக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து நிறுத்தினாள். அவர் குனிந்து எஞ்சின் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டார். நிமிர்ந்தபோது முகம் பள்ளிக்கூடம் விட்ட பையன் முகமாக இருந்தது.

"எப்படி? யாரு பண்ணது?"

"நீங்க ‘எஃப்’ல வச்சிருந்தீங்க. ‘டி’ல வைக்கணும்."

 அவர் ஹாண்டிலைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

"பின்னாடி," என்றாள் அவள்.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் மீசையைத் தடவிக்கொண்டே பின்னால் ஏறி, எங்கே பிடிப்பதென்று தெரியாமல் தவித்து, கடைசியில் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க போறோம்?"

"தெரியாது."

ஊருக்கு வெளியே ஆறு கிலோமீட்டர் தள்ளி பெட்ரோல் தீர்ந்தது. இரண்டு பேருமாகத் திரும்ப உருட்டிக்கொண்டு வந்தார்கள். ஏற்றத்தில் அவர் தள்ள, அவள் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு, செயின் விழுந்த கதையை முதலிலிருந்து சொன்னாள். அவர் சிரித்த சிரிப்பில் வண்டி இரண்டு தடவை பின்னால் உருண்டது.