அப்பா வெட்ட மறுத்த காட்சி

எங்கள் அப்பாவின் காரியத்துக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். மலர் என்றால் நல்லதை மட்டும்தான் எழுத வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அப்பா பட்ட வெட்டை விட்டுவிட்டு அவர் வாழ்க்கையை எழுத எனக்குத் தெரியவில்லை.

அப்பா கிணத்துக்கடவு பக்கம் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தவரை, அவருடைய அக்காவான எங்கள் அத்தைதான் இடுப்பில் சுமந்து வளர்த்தார். பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் வேலை பழகி, சொந்தமாகப் பட்டறை போட்டு, பம்புசெட்டில் சம்பாதித்ததைக் கொண்டுபோய் சினிமாவில் கொட்டினார். வாய் மட்டும் அடங்காது. மில் கதவடைப்பைப் பற்றி எடுத்த முதல் படத்துக்கு விழா நடத்தி, ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் பொன்னாடை போர்த்தினார். அப்பா மைக்கைப் பிடித்து, "அதிருக்கட்டுங்க, மில்ல எப்பத் தொறப்பீங்க?" என்று கேட்டார். அன்றைக்கே பட்டறையை அடித்து நொறுக்கினார்கள். நெற்றியில் தையலோடு வீட்டுக்கு வந்தவர், "கேட்டதுக்கு மட்டும் பதிலக் காணோம் கண்ணு" என்று சிரித்தார்.

அத்தையைச் சத்தியமங்கலம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவருடைய ஒரே மகள் வேறு சாதிப் பையனை விரும்பினாள். ஒரு நாள், அவள் வயிற்று வலி தாங்காமல் பூச்சி மருந்தைக் குடித்துச் செத்துப்போனாள் என்று ஆள் வந்து சொன்னான். எங்கள் பக்கம் தாய்மாமன் கோடிச்சேலை போர்த்தாமல் பெண்ணின் உடலை எடுக்க மாட்டார்கள். அப்பா சேலையோடு ஓடினார். போனபோது சிதை பாதி எரிந்திருந்தது.

"மழ வர்ற மாதிரி இருந்துச்சு மாப்ள, அதான் எடுத்துப்போட்டோம்" என்றார் அத்தையின் கணவர், எங்கள் மாமா.

அது சித்திரை வெயில். வானத்தில் மேகமே இல்லை. தாய்மாமன் அந்த உடம்பைப் பார்த்துவிடக் கூடாது என்றுதான் அவசரப்பட்டிருக்கிறார்கள் என்று அப்பாவுக்கு அங்கேயே விளங்கிவிட்டது. அப்பா போலீசுக்குப் போனார். பெற்ற தாயான அத்தையே, "வயித்து வலிதானுங்க" என்று சொல்லிவிட்டதால் வழக்கு அதோடு முடிந்தது.

அப்பா அதைப் படமாக எடுத்தார். கேபிள் டிவி வந்து தியேட்டர்கள் காற்றாடிக்கொண்டிருந்த தொண்ணூறுகளில், பட்டறையை விற்று எடுத்தார். படம் வெளிவரும் முன்பு மாமா பங்காளிகளோடு வீட்டுக்கு வந்தார்.

"படத்த ஓட்டிக்க மாப்ள. சுடுகாட்டுல தாய்மாமன் கோடியோட நிக்கற சீன மட்டும் வெட்டிப்போடு. நம்ம சனத்துக்கு அது ஒண்ணே போதும், எல்லாம் வெளங்கிப்போகும்."

"அத வெட்டோணும்னா என்ற கைய வெட்டிப்போட்டுப் போங்க மாமா."

முதல் நாள் காலைக் காட்சியில் அந்தக் காட்சி வந்ததும் பத்துப் பதினைந்து பேர் எழுந்தார்கள். திரையை அரிவாளால் கிழித்தார்கள். மேலே ஏறிப் படச்சுருளை எடுக்க வந்தவர்களை அப்பா படம் ஓட்டும் கேபின் வாசலில் மறித்து நின்றார். இரும்புக் குழாயால் தலையில் அடித்தார்கள். விழுந்தவரின் வலது கையை, அவர் சொன்னபடியே, மணிக்கட்டோடு வெட்டினார்கள். அது படிக்கட்டில் தனியாகக் கிடந்ததை, அப்பாவோடு போயிருந்த சின்னப் பிள்ளை நான் பார்த்தேன். உள்ளே தாழிட்டுக்கொண்ட ஆபரேட்டர் அண்ணன் மெஷினை நிறுத்தவில்லை. கிழிந்த திரையில் அந்தக் காட்சி முடியும்வரை ஓடியது.

ஆபரேட்டர் அண்ணனைத் தவிர யாரும் சாட்சி சொல்ல வரவில்லை. அன்று தியேட்டரில் இருந்தவர்களில் பலர் இந்த மலரை இப்போது படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த அடியில் வந்த வலிப்பு அப்பாவை விடவே இல்லை. கடைசியில் அதுவே கொண்டுபோயிற்று. படம் அப்புறம் எந்தத் தியேட்டரிலும் ஓடவில்லை.

இழவு வீட்டுக்கு அத்தை தனியாக வந்தார். அப்பாவின் வெட்டுப்பட்ட கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார்:

"நீ எடுத்தது நெசந்தான் கண்ணு! உங்க மாமன் அவ வாயில மருந்த ஊத்துனாரு. புள்ள ஒதறுனா. நாந்தான் கால அமுக்கிப் புடிச்சிருந்தேன்."

எனக்கு அவர் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. இன்னும் அந்த ஆத்திரம் தீரவில்லை. அம்மாதான் என்னைத் தடுத்தார். "இவ உசுரோட இருக்கோணும் அம்மணி" என்று சொல்லி, அத்தையை உள்ளறையில் வைத்துப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். தினமும் சோறு போடுவதும் அம்மாதான். முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசுவதில்லை.

கேபின் கதவைத் திறக்காத ஆபரேட்டர் அண்ணனுக்கும், ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்த பழைய பட்டறைத் தொழிலாளர்களுக்கும், பீஸ் வாங்காமல் அத்தை மகளின் வழக்கை மறுபடி எடுத்திருக்கும் வக்கீல் அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

மற்றவர்களுக்கு ஒன்று. அத்தையை எங்கே காணோம் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் இதைப் படிக்கிற நேரம், அவர் வக்கீல் அம்மாவோடு மாஜிஸ்திரேட் முன்னால் நின்று, நடந்ததைச் சொல்லிக்கொண்டிருப்பார். இனி ஓடிப் பயனில்லை. பந்தி போட்டாயிற்று. மாமா உட்பட எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டே போங்கள்.