பாட்டு அக்காவுக்குத் தெரிகிற எழுத்து

பூசை முடிந்து ஜனம் போனபிறகு கோயிலுக்குள் நின்றவர்கள்:

ஃபாதர். மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்கு மாற்றலாகி வந்து ஒரு வருஷம் ஆகவில்லை.

கீபோர்டு வாசிக்கிறவர். ஷிப்பிங் ஆபீஸில் கிளார்க். பாடகர் குழு அவர் பொறுப்பு.

பாட்டு அக்கா. தமிழ்ப் பூசையில் பாட்டை எடுத்துக் கொடுப்பவர். நான் கல்யாணம் ஆகாமல் ஷாதிபூருக்கு வந்த காலத்திலேயே அவர்தான் எடுத்துக் கொடுத்தார்.

ராஞ்சிக்காரர். அடுத்து வரும் இந்திப் பூசைக்கு லேப்டாப்பில் பாட்டுப் போடுகிறவர். வயர் மாட்ட முன்னாடியே வந்திருந்தார்.

நான். டைல்ஸ் ஒட்டுகிற வேலை. கோயில் சுவரில் டிவியை மாட்டியது நான். அதனால் இருக்கச் சொன்னார்கள்.

விஷயம் இதுதான். பாட்டுப் புத்தகங்கள் போய்விட்டன. இந்த ஊர் ஈரத்தில் காகிதம் நிற்காது. பாதியைப் பூஞ்சை எடுத்தது, பாதியைக் கரையான் எடுத்தது. இனிப் புத்தகம் வாங்குவதில்லை, தமிழ்ப் பூசைக்கும் டிவிதான் என்று ஃபாதர் சொல்லிவிட்டார். இரண்டு வாரமாக டிவியில்தான் பாட்டு. இரண்டு வாரமும் அக்கா பின்தங்கினார்.

அக்காவுக்குச் சர்க்கரை. அது கண்ணில் இறங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தாயிற்று, கண்ணாடி மாற்றிப் பிரயோஜனம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பழைய பாட்டென்றால் அவருக்கு எதுவும் பார்க்க வேண்டாம். புதுப் பாட்டுக்குப் பார்க்க வேண்டும். புத்தகமாக இருந்தபோது மூக்கோடு ஒட்டிப் பிடித்துப் படிப்பார். டிவியை அப்படிப் பிடிக்க முடியாது. பக்கத்தில் நிற்கிற பெண் வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்து, அதைக் கேட்டுத் தான் எடுப்பார். அதற்குள் கீபோர்டு முன்னால் போய்விடும். பாட்டு இழுத்துக்கொண்டு நடக்கும்.

கீபோர்டுக்காரர் கெட்டவர் இல்லை. திருவிழாவுக்கு எல்லாமே புதுப் பாட்டு, அவருக்கு அந்தக் கவலை.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. திருவிழாவுக்கு மட்டும் வேற யாராவது எடுத்துக் குடுக்கட்டும். நீங்க கூடச் சேந்து பாடுங்க" என்றார்.

அக்கா அவர் பக்கம் திரும்பினார்.

"எனக்குக் கண்ணுதாம் போச்சு. தொண்ட போகல."

அக்கா மார்க்கெட்டில் மீன் விற்றவர். தராசில் நம்பர் தெரியாமல் போனதும் கடையை மருமகளிடம் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். அவரிடம் மிச்சம் இருந்தது இந்தப் பாட்டுதான். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

ராஞ்சிக்காரருக்குத் தமிழ் தெரியாது. என்ன தகராறு என்று என்னிடம் இந்தியில் கேட்டார். சொன்னேன். எழுத்தைப் பெரிசாக்கினால் முடிந்ததே, இதற்கு ஏன் மீட்டிங் என்றார். அதைத் தமிழில் ஃபாதரிடம் சொன்னேன். ஃபாதர் என்னையே செய்யச் சொன்னார்.

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது ஃபாதர்."

"டிவி மாட்டத் தெரிஞ்சதில்ல?"

திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு வரை பார்ப்பது. சரியாக வந்தால் அக்கா. வராவிட்டால் கீபோர்டுக்காரர் சொன்னபடி. அப்படிப் பேச்சு முடிந்தது.

நான் ஐந்தாவது வரை படித்தவன். தமிழ் படிப்பேன், மெதுவாக. ராஞ்சிக்காரர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்துக் காட்டினார். எழுத்துகளை இழுத்துப் பிடிக்க வேண்டும், நீல நிறமாகும். மேலே ஒரு நம்பர் இருக்கும். அதை ஏற்றினால் எழுத்து பெரிசாகும். முப்பத்திரண்டில் இருந்தது. நான் அறுபது போட்டேன். பெரிசானது. அடுத்த வரியைச் சேர்த்தேன். எல்லாம் தானாகச் சுருங்கிப் பழையபடி ஆகிவிட்டது. மறுபடி ஏற்றினேன். மறுபடி சுருங்கியது.

"டப்பா பர் கயா, பாய்" என்று சிரித்தார் ராஞ்சிக்காரர். பெட்டி நிரம்பிவிட்டதாம். நிரம்பினால் அதுவே எழுத்தைச் சின்னதாக்கி உள்ளே திணித்துக்கொள்ளுமாம். அப்படித் திணிக்காமல் இருக்க ஓர் இடத்தில் அமுக்கிவிட்டார். பிறகு எழுத்து சுருங்கவில்லை. எல்லாப் பாட்டையும் அறுபதாக்கினேன். லேப்டாப்பில் பார்த்தேன், எல்லா வரியும் இருந்தது. நல்லது என்று வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பாட்டு. அக்கா டிவியைப் பார்த்துச் சரியாக எடுத்தார். மூன்று வரி போனது. நாலாவது வரி டிவியில் இல்லை.

லேப்டாப்பில் நான் பார்த்தபோது அந்த வரி பக்கத்துக்கு வெளியே, கீழே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. வேலை செய்யும்போது அது தெரியும். டிவிக்குப் போகும்போது பக்கத்துக்குள் இருப்பது மட்டும்தான் போகும். எனக்கு அது தெரியாது.

அக்கா தெரிந்தவரை பாடி நின்றார். பாட்டை முன்பே படித்து வந்த இரண்டு மூன்று பெண்கள் மேலே பாடினார்கள். அக்கா வாயை மூடிக்கொண்டு நின்றார். பார்த்தவர்களுக்கு அக்கா தவறவிட்டதாகத்தான் இருந்திருக்கும். பெஞ்சில் சில தலைகள் திரும்பின.

பூசை முடிந்ததும் கீபோர்டுக்காரரிடம் போய், தப்பு என்னோடது, வரியே டிவியில் வரவில்லை என்றேன். அவர் தலையாட்டினார். நம்பினாரா, அக்காவுக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தாரா, தெரியாது.

அந்த வாரம் சௌல்தாரியில் ஒரு வீட்டுக்குக் குளியலறை டைல்ஸ். சின்ன டைல்ஸ் வாங்கி வைத்திருந்தவர் மனசு மாறிப் பெரிய டைல்ஸ் எடுத்து வந்தார். பெரிசு போட்டால் ஒரு சுவருக்குக் கொஞ்சம்தான் பிடிக்கும். அங்கே நின்றபோது தோன்றியது. எழுத்தைப் பெரிசாக்கினால் பக்கத்துக்கு வரி குறையத்தான் வேண்டும். நான் குறைக்காமல் திணித்திருக்கிறேன்.

மறுநாள் மதியம் அக்காவைக் கோயிலுக்குக் கூட்டி வந்தேன். அவர் நிற்கிற இடத்தில் நிற்க வைத்தேன். லேப்டாப்பில் ஒரு வரியை மட்டும் போட்டு நம்பரை ஏற்றிக்கொண்டே போனேன். எழுபத்திரண்டில் கேட்டேன், தெரிகிறதா என்று. தெரிகிறது என்று படபடவென்று சொன்னார். எனக்குச் சந்தேகம். அது போன வாரம் பாடிய பாட்டு. மனசில் இருப்பதைச் சொல்கிறார்.

அந்த வரியை அழித்துவிட்டு வேறு ஒன்று அடித்தேன். எனக்கு ஒவ்வோர் எழுத்தாகத் தேடித்தான் அடிக்க வரும். அக்கா பொறுமையாக நின்றார். அதே எழுபத்திரண்டு.

"இப்ப படிங்க."

அவர் தலையைச் சாய்த்தார். கண்ணைச் சுருக்கினார். "ஆண்டவரே..." என்று இழுத்தார்.

"ஆண்டவர் இல்ல அதுல."

"தெரியல போ."

எண்பது. இல்லை. எண்பத்தெட்டு. "அக்கா" என்று முதல் சொல் மட்டும் வந்தது. ஜன்னல் வெளிச்சம் டிவியில் அடித்துக்கொண்டிருந்தது. ராஞ்சிக்காரர் முன்பே சொல்லியிருந்தார், வெள்ளையில் கறுப்பு வேண்டாம், கறுப்பில் மஞ்சள் போடு என்று. மாற்றினேன். தொண்ணூற்றாறு வைத்தேன்.

அக்கா நிறுத்தி நிறுத்திப் படித்தார். "அக்காவுக்கு... வாய்... நீளம்."

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏல, எனக்கா வாய் நீளம்? கோயில்ல வச்சி அடிக்கிற எழுத்தால இது?"

சிரித்தார். கடையை விட்டபிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

எழுத்து கிடைத்தது. ஆனால் அந்த அளவில் ஒரு பக்கத்துக்கு இரண்டு வரிதான் கொள்ளும். வரியும் முழுசாக நிற்காது, பாதியில் மடங்கிக் கீழே விழும். மடங்கின இடத்தில் அக்காவும் நிறுத்தினார். எங்கே வெட்டுவது என்று எனக்குத் தெரியாது. பாட்டு தெரிந்தவன் இல்லை நான். அக்காவைப் பாடச் சொன்னேன். எங்கே மூச்சு வாங்குகிறாரோ அங்கே வெட்டினேன். இரண்டு மூச்சுக்கு ஒரு பக்கம். அப்படியே எல்லாப் பாட்டும்.

பக்கம் கூடிவிட்டதால் அடிக்கடி பட்டனைத் தட்டி மாற்ற வேண்டும். கீபோர்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, யார் தட்டுவது, ஒரு தட்டு பிந்தினால் கோயிலே நிற்கும் என்றார். நியாயமான கேள்வி. தட்டுவது நான்தான் என்றேன். உனக்குப் படிக்க நேரமாகுமே என்றார். அதுவும் நியாயம்.

பழகிப் பார்த்தோம். ஒரு பக்கம் பாடி முடிந்ததும் தட்டினால் பிந்திவிடுகிறது. அக்காவின் கண்ணுக்குப் புது எழுத்து பிடிபட நேரம் வேண்டும். கடைசிச் சொல்லை வாயில் எடுக்கும்போதே தட்டிவிடு என்றார் அக்கா. நான் டிவியைப் பார்ப்பதை விட்டேன். லேப்டாப்பையும் பார்க்கவில்லை. அக்காவின் வாயைப் பார்த்துத் தட்டினேன். அது சரியாக வந்தது.

திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு வந்தது. அன்றைக்கு நடப்பதை வைத்துத்தான் திருவிழாவுக்கு யார் என்பது. வருகைப் பாட்டு நன்றாகப் போனது. பின் பெஞ்சில் ஒரு பெரியவர், காண்ட்ராக்டராக இருந்தவர், அதுவரை வாயை அசைத்துக்கொண்டு மட்டும் நிற்பார். அன்றைக்குச் சத்தமாகப் பாடினார். சுருதியே இல்லை. அவர் மனைவி முழங்கையால் இடித்தும் நிறுத்தவில்லை. அவருக்கும் இத்தனை நாள் எழுத்து தெரியவில்லை போல.

காணிக்கைப் பாட்டில் என் விரல் வழுக்கியது. புழுக்கம், கையெல்லாம் வேர்வை. ஒரு தடவை தட்ட வேண்டிய இடத்தில் இரண்டு தடவை அமுங்கிவிட்டது. நடுவில் ஒரு பக்கம் காணாமல் போனது. திரும்பப் போக எந்த பட்டன் என்று தேடினேன். அகப்படவில்லை.

அக்கா நிற்கவில்லை. டிவியில் இருந்ததை எடுத்தார். குரல் அசையவில்லை. பக்கத்துப் பெண்கள் அவரோடு எடுத்தார்கள். ஆண்கள் பக்கம் எடுத்தது. கீபோர்டுக்காரர் ஒரு நொடி விழித்து, விரலைத் தூக்கி, அக்கா போன இடத்துக்குத் தானும் போனார். இரண்டு வரி விட்டுப்போனது. கோயில் முழுக்க அக்காவோடு சேர்ந்து அந்த இரண்டு வரியையும் விட்டது. ஒரு தலையும் திரும்பவில்லை.

பூசை முடிந்ததும் கீபோர்டுக்காரர் நேராக என்னிடம்தான் வந்தார்.

"ரெண்டு வரி போச்சு."

"ஆமா. நான்தான்."

"யாரு கவனிச்சா? எனக்கே அக்கா இழுத்த பக்கம்தான் போக வந்துச்சு."

பிறகு அக்காவிடம் போனார். அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"திருவிழாவுக்கு நீங்களே எடுத்துக் குடுங்க அக்கா."

"கண்ணு தெரியாதவளயா?" என்றார் அக்கா. விடுகிற ஆள் இல்லை.

"அதான் இவரு இருக்காரே."

"இவனா? இவன் ரெண்டு ரெண்டாத் தாண்டுவான்."

ராஞ்சிக்காரர் வயரோடு வந்து நின்றார். என்ன ஆச்சு என்று கேட்டார். ஆயிற்று என்றேன். இந்திப் பாட்டுகளையும் அதே அளவில் போட்டுத் தரச் சொல்லி அவர்கள் ஆட்களும் கேட்கிறார்களாம். எனக்கு இந்தி படிக்க வராது, நீங்களே வெட்டுங்கள் என்றேன்.

திருவிழா நடந்தது. அக்கா எடுத்துக் கொடுத்தார். இனி எப்போதும் இந்த எழுத்துதான், கிறிஸ்துமஸுக்கும் அக்காதான் என்று ஃபாதர் பூசை முடிவில் அறிவித்தார். கீபோர்டுக்காரர் ஒரு பென்டிரைவ் கொண்டுவந்து தந்தார். கிறிஸ்துமஸ் பாட்டுகள், எல்லாம் பழைய அளவில், நாற்பத்திரண்டு பக்கம். வேலை இல்லாத மதியங்களில் அக்கா கோயிலுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து பாடினார். நான் மூச்சு பார்த்து வெட்டினேன்.

வெட்டி முடித்தபோது இருநூற்றுப் பதினான்கு பக்கம்.