சினை நிற்காத வருஷங்கள்

டீலியா கனீலியைப் பற்றி அயர்லாந்தின் மேற்கு ஓரத்தில், எங்கள் கனமாரா கடற்கரையில் பல கதைகள் உண்டு. அவள் அதட்டினால் அலை பாதியில் நின்று, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கரையேறும் என்பது அதில் ஒன்று. அதைக் கிளப்பிவிட்டவள் நான்தான். இப்போது எழுதுவதில் மட்டும் ஒரு சொல்லும் கூட்டவில்லை. கூட்டத் துணிவு வரவில்லை.

அவளுக்கு இருந்தது பதினோரு ஏக்கர் பாறை, இடையிடையே கொஞ்சம் புல், மான் நிறத்தில் ஒரு பெட்டை மட்டக்குதிரை. கணவர் பாட்ச் இறந்த பிறகு கடற்பாசி சுமந்ததும் அந்தக் குதிரைதான், வீட்டில் பேச்சுத் துணையும் அதுதான்.

எங்கள் மட்டக்குதிரைகள் சாம்பல், கறுப்பு, மான் நிறம் என்று பிறக்கும். எப்போதாவது ஒன்று பாலாடை நிறத்தில், நீலக் கண்ணோடு பிறந்துவிடும். வருஷா வருஷம் நடக்கும் குதிரைக் காட்சியில், போட்டிக் களத்தில் அந்த நிறத்துக்கு இடம் கிடையாது. அப்படி ஒன்று பிறந்தது வெளியே தெரிந்தால் தாய்க்கும் கெட்ட பெயர். அதனால் ஒரு வழக்கம் இருந்தது. விடிந்ததும் யாராவது ஒரு ஆண்பிள்ளை குட்டியைச் சதுப்புக்குத் தூக்கிப்போவான், வெறுங்கையோடு திரும்புவான். கேட்பவர்களிடம் வீட்டார், "இந்த வருஷம் சினை நிக்கலை" என்பார்கள். கேட்டவர் அதற்கு மேல் கேட்கமாட்டார். பால் கட்டிய மடியோடு அந்தக் குதிரை மதிலோரம் கனைத்துக்கொண்டு நின்றாலும் கேட்கமாட்டார்.

எழுபத்தொன்றாம் வருஷம் மே மாதம் டீலியாவின் குதிரை அப்படி ஒரு குட்டி போட்டது. பக்கத்து வீட்டு மார்ட்டீன் கையில் சாக்கோடு வந்து வேலியருகில் நின்றான்.

"அது எதுக்கு?" என்றாள் டீலியா.

"ஒண்ணுமில்ல. நீங்க உள்ள போங்க. நான் பார்த்துக்கறேன்."

"பாட்சும் இதத்தான் சொன்னாரு. ரெண்டு தடவ. ரெண்டு தடவையும் ஜன்னலச் சாத்திட்டு ரொட்டி சுட்டேன். ரெண்டு தடவையும் தீஞ்சுபோச்சு."

"நிறம் சரியில்லையே, டீலியா."

"உன் மூக்கு கூடத்தான் சரியில்ல. உங்கம்மா உன்னைச் சாக்குல போட்டாளா?"

மார்ட்டீன் சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பினான்.

குட்டிக்கு ஃபீலான் என்று பெயர் வைத்தாள். எங்கள் பேச்சில் அது கடலோரம் பறக்கும் வெள்ளைக் கடற்காகம். நாலு வயதில் அது பாறை மேல் நடக்கும்போது குளம்புச் சத்தம்கூடத் தவறி விழாது. அந்த ஆகஸ்டில் டீலியா அதைக் காட்சிக்குக் கொண்டுபோகப் போவதாகச் சொன்னாள். பைத்தியமா என்று கேட்டேன்.

"பரிசு வேணாம். இது நல்ல குதிரைன்னு களத்துல நின்னு ஒருத்தர் வாயால சொல்லணும். இது நல்லதுன்னா அந்த ரெண்டும் நல்லதுதானே," என்றாள்.

களத்து வாசலில் அன்றைக்கு நின்றவன் மார்ட்டீன். சீட்டு இல்லாமல் யாரையும் விடக்கூடாது. டீலியா சீட்டில்லாமல் குதிரையோடு வந்தபோது அவன் வானத்தை அண்ணாந்து மழையை ஆராய்ந்துகொண்டிருந்தான். அவள் உள்ளே போனதும்தான் தலையை இறக்கினான்.

நடுவர் கோல்மன் ஃபோலன், மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர். அவர் வீட்டில் ஆறு பெட்டைக் குதிரைகள். தூறலில் களத்துக் குதிரைகள் எல்லாமே மங்கலாக ஒரே நிறமாய்த் தெரிந்தன. சாம்பல் குதிரைகள் வயதானால் வெள்ளையாகிவிடும் என்பது எங்களுக்குப் புதிதில்லை. ஃபீலானும் அப்படி வெளுத்த சாம்பல் என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும். ஃபீலானை நடக்கவிட்டார், ஓடவிட்டார், பிறகு விரலை நீட்டி வரிசையின் தலையில் நிறுத்தினார். கிட்டே போய்த் தோளைத் தடவி, காலைத் தூக்கிப் பார்த்து, கடைசியாக நெற்றிமயிரை விலக்கினார்.

கை அப்படியே நின்றது.

"டீலியா, இதக் கூட்டிட்டுப் போ."

"காலு கோணலா?"

"இல்ல."

"தோளு?"

"தோளுக்கு ஒரு குறையும் இல்ல. நடையும் நல்லாத்தான் இருக்கு. கண்ணு நீலம். சட்டம் உனக்குத் தெரியாதா?"

"இப்பத்தானே முதல்ல நிறுத்துன. அப்ப எந்தக் கண்ணால பார்த்த?"

வேலியோரம் நாலைந்து பேர் சிரித்தார்கள். கோல்மனின் முகம் சிவந்தது.

"நான் போட்ட சட்டம் இல்ல இது."

"தெரியும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உன் வீட்டுல எத்தனை வருஷம் சினை நிக்கலை, கோல்மன்?"

சிரிப்பு நின்றுபோனது. வேலியில் சாய்ந்திருந்த ஆண்கள் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். கோல்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மழையில் அது துடைக்கத் துடைக்க நனைந்தது.

"நாலு," என்றார் கடைசியில்.

"எங்க வீட்டுல ரெண்டு," என்றாள் டீலியா.

அப்புறம் வேலியிலிருந்து ஒரு குரல், யாரிடமும் இல்லாமல், "எங்களுக்கு ஒண்ணு" என்றது. இன்னொருவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். எண் சொல்லவில்லை.

டீலியா குதிரையை நடத்திக்கொண்டு வெளியே வந்தாள். முதல் பரிசு ரிப்பன் ஒரு தொப்பை பெருத்த சாம்பல் குதிரைக்குப் போனது. அதன் சொந்தக்காரர் இன்னும் இருக்கிறார், பெயர் வேண்டாம். சட்டம் அப்படியேதான் இருந்தது.

மறு வருஷம் ஏப்ரலில் ஒரு காலை நான் டீலியா வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். மார்ட்டீன் கதவருகில் வந்து நின்றான். கையில் சாக்கு இல்லை.

"எங்க குதிரை குட்டி போட்டிருக்கு," என்றான்.

"என்ன நிறம்?"

"எந்திரிச்சு நிக்குது. ஆனா பால் குடிக்கத் தெரியல. நீங்க வந்து கொஞ்சம் பார்க்கணும்."

அடுப்பில் ரொட்டி பாதி வெந்திருந்தது. டீலியா அதை இறக்கிக் கீழே வைத்துவிட்டு, கைகளை மேலங்கியில் துடைத்தபடியே அவனுக்கு முன்னால் நடந்தாள்.