கதிர் பட்ட மீனும் என் வயிற்றெரிச்சலும்

மீன் கெட்டுவிட்டதா என்று மோந்து பார்த்தே சம்பளம் வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், என் பாடு உங்களுக்குப் புரியும். எண்பதுகளில் மலேசியாவின் செகிஞ்சானில், மீனைப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் கம்பெனியின் சோதனை லேபில் வேலை செய்தேன்.

பஸ்ஸில் இடம்

பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் எஸ்டேட் லயத்தில் வீடு. வேலை முடிந்து திரும்பும்போது என் பக்கத்து சீட் மட்டும் காலியாகவே வரும். ஒரு சனிக்கிழமை கமலாவும் ஏறினாள். ரவாங்கிலிருந்து லேபுக்குப் புதிதாக வந்தவள். இரண்டு பேரும் தொட்டது அதே மீன்தான். அவள்மேல் மட்டும் பவுடர் வாசம். கண்டக்டர் அவளுக்கு முன் சீட்டைக் காட்டிவிட்டு என்னிடம் சொன்னார்: "நீங்க சன்னல் பக்கம் உக்காருங்கம்மா, காத்து வரட்டும் லா."

லோரியில் போனவள்

அப்போது பாக்கெட் மீன் சீக்கிரம் கெடாமலிருக்க அதற்குக் காமா கதிர் கொடுத்துச் சோதித்தார்கள். மீனை ஐஸ் பெட்டியில் வைத்து, லோரியில் கதிர்வீச்சு நிலையத்துக்குக் கொண்டுபோய் வர ஒரு ஆள் வேண்டும். ஐந்து வருஷ சர்வீஸ்காரி நான். புதுச் சட்டைகூடத் தைத்து வைத்திருந்தேன். எங்கள் சீன முதலாளி கமலாவை அனுப்பினார்.

நான் லேபிலேயே இருந்து, மீன் துணுக்கைக் கண்ணாடித் தட்டில் வளரவிட்டு, தட்டுத் தட்டாகக் கிருமி எண்ணினேன். கதிர் படாத மீன் குளிர் அறையில் இருந்தும் பத்து நாளில் நாறியது. கமலா கொண்டுவந்தது மூன்றாவது வாரமும் நன்றாக இருந்தது. அந்த மீன்மேல்கூட எனக்குப் பொறாமை. முதலாளி மோந்து பார்த்து மலாய் மொழியில் சொன்னார்: "கமலா கை பட்டால் மீன்கூடக் கெடாது!"

மேஜைமேல் ஆறு பாக்கெட்

இன்னொரு சனிக்கிழமை மத்தியானம். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகப் போன் வர, கமலா போட்டது போட்டபடி ஓடினாள். கதிர் பட்ட ஆறு பாக்கெட் மேஜைமேலேயே கிடந்தன. குளிர் அறைக் கதவு பத்தடிதான். நான் பார்த்தேன். கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை பாக்கெட்டுகள் உப்பி, லேபே நாறியது. முதலாளி கத்தினார். அம்மா தேறிவிட்ட நிம்மதியோடு வந்தவள் அழுதாள். ஆனால் அழுது முடித்ததும் அந்த மீனையும் என்னைச் சோதிக்கச் சொன்னாள். தட்டு முழுக்கக் கிருமி. கதிருக்குத் தப்பிய கொஞ்சம், வெளிச் சூட்டில் பெருகிவிட்டது. கதிர் பட்டாலும் மீன் குளிரிலேயே இருக்க வேண்டும் என்று, தன் தவறையும் மறைக்காமல் ரிப்போர்ட் எழுதினாள். அதைப் படித்த கதிர்வீச்சு நிலையத்துப் பெரிய அதிகாரிகள் அவளைக் கோலாலம்பூருக்குப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். போகிற அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க மட்டும் அன்னிக்குப் பார்த்திருந்தா உள்ள எடுத்து வச்சிருப்பீங்கக்கா."

அதற்குப் பிறகு லோரியில் நான்தான் போய்வந்தேன், ஆனால் எப்படிக் கிடைத்த வேலை என்று இன்றுவரை ஒருவரிடமும் பீற்றிக்கொள்ள முடியவில்லை.